பூட்டு யார் கையில்?

திருமங்கலத்தில் நினைவு இல்லம் ஒன்று இருக்கிறது. அரசாங்கம் பேணிவரும் இல்லம். அங்கே போற்றப்படுபவர் அரசர் அல்லர், அமைச்சர் அல்லர், படை நடத்திய தளபதியும் அல்லர். ஊர் ஊராகச் சென்று, அரிதாரம் பூசி, மேடையில் நின்று பாடிய நாடக நடிகர்: விசுவநாததாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தைத் தம் ஊராக்கிக் கொண்டவர்.

அவர் செய்த குற்றம் என்ன? பாடினார்! புராண நாடகம் நடந்துகொண்டிருக்கும். நடுவே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வரும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. கொக்கு எது என்பது கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். உழவன் சிரிப்பான்; வண்டிக்காரன் சிரிப்பான்; வாசலில் நிற்கும் போலீசுக்காரனுக்கும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்க்கும். வெள்ளைத் துரைத்தனத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, சினம் வந்தது! பிடித்தார்கள், அடைத்தார்கள், விட்டார்கள். வெளியே வந்தவர் மறுபடியும் மேடையேறினார், மறுபடியும் பாடினார். மறுபடியும் பிடித்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில், மயில்மீது அமர்ந்த நிலையில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

நமக்கு முருகனிடம் வேலை இல்லை. அவர் ஏந்திய கொடியும் நம் கொடி அன்று. எனினும் அவரை நாம் வணங்காமலேயே மதிக்கிறோம். ஏனெனில் அவர் வாய்க்கு ஒன்றல்ல, இரண்டு பூட்டுகள் காத்திருந்தன. ஒன்று துரைத்தனம் போட்டது. மற்றொன்று சாதி போட்டது. முடிதிருத்தும் தொழிலுக்கு என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக, அவரோடு சேர்ந்து நடிக்கமாட்டோம் என்றவர்களும் அந்நாளில் இருந்தனர். சட்டம் ஒருபுறம், சமூகம் மறுபுறம். இரண்டுக்கும் இடையே நின்று ஒரு மனிதர் பாடினார். இன்று அவர் பெயரால் இல்லம்! நல்லது, வரவேற்கிறோம்.

இனி, அதே மதுரை மாவட்டத்தில் நிகழ்ந்த இன்னொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஆண்டு 2021. துரைமார் கப்பலேறி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இடதுசாரிக் கட்சி ஒன்றின் பொறுப்பாளர், அறுபது வயதைக் கடந்தவர், குடும்பத்தோடு சிறுமலைக்கு உலாப் போய் வந்தார். மலை, மரம், உடன் வந்த உறவினர் எல்லாம் தெரியும் படங்களை முகநூலில் இட்டார். மேலே, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைக்குப் பயணம் என்னும் பொருள்பட ஒரு வரி எழுதினார். வேடிக்கை! தம்மையும் தம் புரட்சி வேடத்தையும் தாமே கிண்டல் செய்துகொண்ட வேடிக்கை!

வாடிப்பட்டி போலீசுக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. வழக்குப் பதிந்தார்கள். எந்தப் பிரிவில் தெரியுமா? இந்திய அரசை எதிர்த்துப் போர் தொடுக்கும் எண்ணத்தோடு ஆயுதம் சேர்த்தல் என்னும் 122-ஆம் பிரிவும் அதில் ஒன்று! ஆயுள் தண்டனைவரை விதிக்கக்கூடிய பிரிவு. ஆயுதம் எங்கே? இல்லை. படை எங்கே? குடும்பம்தான் படை! அவரைச் சிறையில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். அவர் மறுத்தார். 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் வழக்கையே தள்ளுபடி செய்து, நகைச்சுவைக்கும் நாட்டில் இடம் உண்டு என்று தீர்ப்பெழுதினார். அந்த நீதிபதியின் வேறு தீர்ப்புகள் சிலவற்றோடு நமக்குக் கடுமையான கருத்து வேற்றுமை உண்டு. அதனால் இந்தத் தீர்ப்பு தவறாகிவிடுமா? ஆகாது. பகுத்தறிவு, சொன்னவர் யார் என்று பார்ப்பதற்கு முன் சொன்னது என்ன என்று பார்க்கும்.

மதுரைக்குத் தென்மேற்கே திருமங்கலம், வடமேற்கே வாடிப்பட்டி. ஓர் ஊரில், செத்துப்போன கிண்டல்காரருக்கு நினைவு இல்லம். மற்றோர் ஊரில், உயிரோடிருக்கும் கிண்டல்காரர்மீது போர்க்குற்ற வழக்கு! சிலைக்கு மாலை, சிந்தனைக்கு விலங்கு! இது ஏன்? அந்த இன்ஸ்பெக்டர் பொல்லாதவர், இந்த அமைச்சர் கொடியவர் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாமா? முடியாது. ஆட்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, கொடிகளும் மாறின. மாறாமல் கைக்குக் கை போய்க்கொண்டிருப்பது ஒரு பூட்டு. அந்தப் பூட்டின் கதையைத்தான் நாம் ஆராய வேண்டும்.

வங்காளத்து நாடக மேடை வெள்ளையரைக் குத்திக் காட்டிற்று. 1876-இல் நாடகத் தடைச் சட்டம் பிறந்தது. அது அந்நியன் ஆட்சி, வேறு என்ன எதிர்பார்க்க முடியும் என்று கேட்கலாம். சரி, நம்மவர் ஆட்சிக்கு வருவோம். 1950-இல் பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார ஏடு சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அன்றைய சென்னை சர்க்கார் தடை போட்டது. ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்சநீதிமன்றம் போனார். மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அரசியல் சட்டம் அப்போது நான்கே மாதக் குழந்தை! தீர்ப்பைக் கண்ட டெல்லி ஆளவந்தார்கள் தடையைத் திருத்திக்கொள்ளவில்லை. அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 1951-இல் வந்த முதல் திருத்தம், பேச்சுரிமைக்கு எல்லை கட்டும் காரணங்களுள் 'பொது ஒழுங்கு' என்பதையும் சேர்த்தது. குழந்தைக்கு நடக்கத் தெரியுமுன் காலுக்குத் தளை!

அதே 1950-இல் 'ஆரிய மாயை' என்னும் நூலுக்காக அண்ணா சிறை சென்றார். 1954-இல், எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகம் ஊர்தோறும் கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்த வேளையில், சென்னைச் சட்டமன்றம் புதிய நாடகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 'ஆட்சேபத்துக்குரிய நாடகம்' என்றொரு தொடரைப் படைத்து, எது ஆட்சேபத்துக்குரியது என்று முடிவுகட்டும் அதிகாரத்தை அதிகாரிகள் கையில் தந்தது. வெள்ளையன் விட்டுச் சென்ற பூட்டுக்குக் கதர் உறை தைத்துப் போட்டார்கள்! நம் இயக்கத்தார் கொதித்தனர், கண்டனக் கூட்டம் போட்டனர், தடையை மீறி நடித்தனர். அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது.

இதுவரை சொன்னது எளிது. எதிரி செய்த தவற்றை எடுத்துச் சொல்ல எவருக்கும் நா எழும். இனிச் சொல்லப்போவதுதான் கடினம்.

1967 வந்தது. ஆட்சி மாறிற்று. மேடையிலே வளர்ந்த இயக்கம், நாடகத்தைப் படைக்கலமாகக் கொண்ட இயக்கம் கோட்டைக்குள் நுழைந்தது. பின்னர் அதிலிருந்து பிரிந்த கட்சியும் ஆண்டது. மாறி மாறி ஆண்டன. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன ஆயிற்று? அப்படியே இருந்தது! நாடகத்தின் எழுத்துப் படியைப் போலீசு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிலை நீடித்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்காடிய பிறகு, 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று அறிவித்தது. நீதிமன்றம் உடைத்த பூட்டு அது. அந்தப் பூட்டால் காயம்பட்டவர்கள், சாவி தம் கைக்கு வந்தபோது திறந்துவிட்ட பூட்டு அன்று.

1987-இல் இன்னொரு காட்சி. சட்டமன்ற உறுப்பினரை ஜேப்படிக்காரராகவும் அமைச்சரை முகமூடிக் கொள்ளைக்காரராகவும் காட்டும் நகைச்சுவைத் துணுக்கு 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்தது. சட்டமன்றம் அதன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே, சில நாட்களில் விடுவித்தது. 2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய கோவன்மீது ராஜத்துரோகப் பிரிவு பாய்ந்தது. கொக்குப் பாட்டுக்குச் சிறை கொடுத்த அதே நாட்டில், நூறாண்டு நெருங்கும் வேளையில், குடிக்கெதிரான பாட்டுக்கும் சிறை!

இப்போது கேட்போம். இந்தப் பூட்டு ஏன் எவருக்கும் பிடித்துப்போகிறது?

எதிரணியில் இருப்பவன், பேச்சுரிமையைத் தன் மூச்சு என்கிறான். ஆட்சிக்கு வந்தபின் அதே உரிமை அவனுக்கு இரைச்சலாகக் கேட்கிறது. 'நாம் நல்லவர்கள், நல்லது செய்கிறோம். நம்மைத் தூற்றுபவன் நாட்டைத் தூற்றுகிறான்' என்று எண்ணத் தொடங்குகிறான். அங்கேதான் சறுக்கல்! அரசு வேறு, அரசாங்கத்தில் அமர்ந்திருப்பவர் வேறு, நாடு வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால், அமைச்சரைப் பற்றிய கேலி நாட்டுக்கெதிரான சதியாகிவிடும். 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கிற்று: ஆட்சியைக் கடுமையாகச் சாடுவது குற்றம் ஆகாது, வன்முறைக்குத் தூண்டுவதே குற்றம். அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் அந்தப் பாடம் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேராததற்குச் சான்று வேண்டுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றம் முற்றாக நீக்கிற்று. ஆறாண்டு கழித்து, 2021-இல், செத்த அந்தப் பிரிவின்கீழ் இன்னும் வழக்குப் பதிகிறார்கள் என்று கேட்டு அதே நீதிமன்றம் அதிர்ந்தது. பிணத்தின் கையில் லத்தியைக் கொடுத்து ஆட்களை அடிக்கச் சொன்ன கதை இது! 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதிய நியாயச் சட்டம் வந்தது. ராஜத்துரோகம் ஒழிந்தது என்றார்கள். 124-ஏ போயிற்று, இறையாண்மைக்கு ஊறு என்னும் பெயரில் 152 வந்தது. சட்டை மாறிற்று, உடம்பு மாறிற்றா என்பதை வழக்குகள் சொல்லும்.

'கடைசியில் நீதிமன்றம்தான் விடுவித்துவிடுகிறதே, பிறகென்ன குறை?' என்பார் சிலர். அவர்கள் ஒரு நாள் காவல் நிலைய வாசலில் காத்து நின்றதில்லை போலும்! விடுதலை என்பது வழக்கின் கடைசிப் பக்கம். அதற்கு முன்னுள்ள பக்கங்களே தண்டனை. கைது, கையொப்பம், வக்கீல் கட்டணம், வேலைக்குப் போகாத நாட்கள், 'உன் அப்பாவைப் போலீசு பிடித்துப் போயிற்றாமே' என்று பள்ளியிலே பிள்ளை கேட்கும் கேள்வி. இத்தனையும் தீர்ப்புக்கு முன்பே நிறைவேறிவிடுகின்றன. ஒருவனைப் பிடித்தால் ஊரே வாயை மூடிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. சிறைக்குப் போனவன் ஒருவன். எழுத நினைத்து எழுதாமல் விட்டவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

'அப்படியானால் எல்லையே வேண்டாமா? எவனும் எதையும் பேசலாமா?' என்ற கேள்வி எழும். எழ வேண்டும். எழாவிட்டால் நாம் சிந்திக்கவில்லை என்று பொருள். சேரிக்குத் தீ வை என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவுவது கருத்தன்று, அது தீக்குச்சி. இன்ன வீட்டுப் பெண்ணை இழுத்து வா என்பது பேச்சன்று. அது கை ஓங்கல். அவற்றைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் 'என் மனம் புண்பட்டது' என்பது வேறு. மனம் புண்படாமல் எந்தச் சீர்திருத்தம் நடந்தது? தீண்டாமை பாவம் என்றபோது வைதிகன் மனம் புண்பட்டது. கைம்பெண்ணுக்கு மறுமணம் என்றபோது ஊர் மனம் புண்பட்டது. புரோகிதன் இல்லாத திருமணம் என்றபோது சாத்திரத்தின் மனமே புண்பட்டது! புண்படும் மனங்களுக்கெல்லாம் தடையுத்தரவு தருவதென்றால், முதலில் தடை செய்யப்பட வேண்டியது நம் இயக்கந்தான்.

இங்கே நாம் நம்மையே கூண்டில் ஏற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் திரைப்படம், சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைச் சாடியது. இடஒதுக்கீடு நமக்குச் சலுகை அன்று. பறிக்கப்பட்ட உரிமையின் ஒரு பகுதி. அந்தப் படத்தின் கருத்து தவறு என்று அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். ஆனால் அன்று எழுந்த குரல் 'தவறு' என்பதோடு நிற்கவில்லை. 'காட்டாதே' என்று போயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை இரத்துச் செய்தது. 1989 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, படத்தைத் திரையிட வழிவிட்டது. கலவரம் வரும் என்று சொல்லி ஓர் அரசு கருத்தைத் தடுக்கக் கூடாது. கலவரக்காரனை அடக்குவதே அதன் கடமை. வெடிமருந்துப் பெட்டியில் விழும் பொறியைப்போல ஆபத்து நேரடியாக இருந்தாலன்றித் தடைக்கு இடமில்லை என்றது.

நமக்குக் கசக்கும் படத்துக்காக எழுதப்பட்ட தீர்ப்பு அது. பிறகு அது யாருக்குக் கவசம் ஆகத்தக்கது? 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில், பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகச் சாதிக் கூட்டமும் மதக் கூட்டமும் கிளம்பின. 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் அமைதிக் கூட்டம் என்ற பெயரில் அழைத்து, எழுத்தாளரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எரித்தவனை அடக்க வேண்டிய அரசு, எழுதியவனை அடக்கிற்று! எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் தமக்குத் தாமே இரங்கல் அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, எழுதுங்கள் என்றது. கூட்டத்தின் மிரட்டலுக்கு அரசு பணியக் கூடாது என்ற 1989-இன் நெறியை, பிடிக்காத படத்துக்கு மறுத்துவிட்டு, பிடித்த நாவலுக்கு மட்டும் கேட்க நமக்கு என்ன தகுதி?

இதுதான் நாம் சொல்ல வந்தது. பேச்சுரிமைக்கு உரைகல், நம் தோழனின் பேச்சன்று. நம் எதிரியின் பேச்சு. தோழனுக்காகக் குரல் கொடுப்பது பாசம். எதிரிக்காகக் குரல் கொடுப்பதுதான் கொள்கை. அவன் சொல்வதை மறுத்து ஆயிரம் மேடை போடுவோம், நூல் எழுதுவோம், புள்ளிவிவரத்தை எடுத்து வைப்போம், கேலியும் செய்வோம். போலீசை மட்டும் அழைக்கமாட்டோம். அழைத்தால் வருவார்கள், அவன் வீட்டுக்கு வந்த அதே வழியில் நாளை நம் வீட்டுக்கும் வருவார்கள்.

ஆட்சியாளருக்கு நாம் சொல்வதும் சிக்கலானதன்று. பேச்சு, எழுத்து, பாட்டு, படம் பற்றிய புகார் வந்தால், கைவிலங்கை எடுக்குமுன் படித்துப் பாருங்கள். 2025 மார்ச்சில், ஒரு கவிதைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடிமீது குசராத்தில் போடப்பட்ட வழக்கைத் தள்ளிய உச்சநீதிமன்றம் இதையே சொன்னது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனை உள்ள இத்தகைய புகார்களில், உயர் அதிகாரியின் அனுமதியோடு முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்ப்பதே முறை என்றது. எதைக் கேட்டாலும் நடுங்கும் கோழையின் காதுகொண்டு சொல்லை அளக்காதே, திடமனம் படைத்தவனின் காதுகொண்டு அள என்றும் கூறிற்று. அந்தத் தீர்ப்பைத் தமிழில் எளிதாக்கி, காவல் நிலையந்தோறும் சுவரில் ஒட்டுங்கள். பொய் வழக்குப் போட்டவரிடம் பதில் கேளுங்கள். பேச்சை முடக்கவல்ல பழைய சட்டங்கள் இன்னும் எத்தனை ஏட்டில் தூங்குகின்றன என்று கணக்கெடுத்து, நீதிமன்றம் உடைக்கும்வரை காத்திராமல், நீங்களே நீக்குங்கள். காதுக்குக் கசந்தாலும் குடிகளின் சொல்லைத் தாங்கிக்கொள்வதே நல்லாட்சி என்பது வள்ளுவர் வகுத்த அரசியல். அது பேருந்தில் எழுதி வைக்க மட்டும் தானா?

இளைஞர்களே! உங்களிடம் கடைசியாக ஒன்று. நாளை நம் கருத்து வெல்லும். வெல்லும் என்று நம்பித்தானே உழைக்கிறோம்! வென்ற அன்று, ஒரு பழைய பூட்டை யாரோ பணிவோடு கொண்டுவந்து உங்கள் கையில் வைப்பார்கள். 'எதிரிகள்மீது பயன்படுத்தலாமே, எவ்வளவு வசதி' என்பார்கள். அப்போது திருமங்கலத்து இல்லத்தை நினையுங்கள். அந்த இல்லத்தின் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது விசுவநாததாசுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உங்களைக் கொக்கு என்று ஒருவன் பாடும்போது, அவனைப் பாடவிட்டு நீங்களும் சிரிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.